மாதவிடாய் நிற்கும் வயது: உங்கள் கேள்விகளும் பதில்களும்

திருச்சியிலிருந்து, 46 வயது: மேடம், அஞ்சு மாசமா பீரியட்ஸ் வரல. சமையல்கட்டுல நிக்கும்போது நெஞ்சுல இருந்து முகம் வரைக்கும் குப்புனு சூடு ஏறி வேர்த்துக் கொட்டுது. மெனோபாஸ் வந்துடுச்சா? ஹார்மோன் டெஸ்ட் எடுக்கணுமா?

தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ் என்போம். நீங்கள் இருப்பது அதற்கு முந்தைய கட்டம். இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் நின்றுவிடுகிறது. 45 வயதைத் தாண்டியவருக்கு எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன் பரிசோதனை பொதுவாகத் தேவையில்லை. இந்தக் கட்டத்தில் அதன் அளவு வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். அந்தப் பணத்தில் டி.எஸ்.எச். (தைராய்டு பரிசோதனை), ஹீமோகுளோபின், சர்க்கரை மூன்றையும் பாருங்கள். தைராய்டு கூடினாலும் இதே வேர்வையும் படபடப்பும் வரும். கர்ப்பம் இல்லை என்பதையும் ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள். 50 வயதுக்குள் மாதவிடாய் நின்றால் அதன்பிறகு இரண்டு ஆண்டு, 50க்கு மேல் நின்றால் ஓராண்டு வரை கருத்தடை தேவை.

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது உடல் வெப்பத்தைக் கவனிக்கும் மூளைப் பகுதி தொட்டாற்சிணுங்கி ஆகிவிடுகிறது. லேசாகச் சூடு கூடினாலும் ரத்தக் குழாய்களை விரித்து வேர்க்க வைக்கிறது. இரண்டு வாரம் ஒரு நோட்டில் நேரம், இடம், அதற்கு முன் குடித்தது, சாப்பிட்டது என்று எழுதுங்கள். சூடான காபி, காரக் குழம்பு, காற்றோட்டமில்லாத சமையலறை எல்லாம் பலருக்குத் தூண்டுதலாக இருக்கும். சமையல் வேலையை வெயில் ஏறுமுன் முடியுங்கள். அடுப்புத் தீ அலையாதபடி, முதுகுப் பக்கம் ஒரு டேபிள் ஃபேன் வையுங்கள். எடை அதிகமிருந்தால் அதைக் குறைப்பது உண்மையாகவே உதவும். மற்றவை அவதியைத் தணிக்கும், எண்ணிக்கையைப் பெரிதாகக் குறைக்காது. தூக்கம் கெடுகிற அளவுக்குப் போனால் பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள், மருந்து இருக்கிறது.

விருதுநகரிலிருந்து, 52 வயது: காலையில தைராய்டு மாத்திரை, கால்சியம் மாத்திரை ரெண்டையும் டீயோட சேர்த்துப் போட்டுடுறேன். ஒரு வருஷமாச்சு, முட்டி வலி குறையவே இல்லையே?

இதில் மூன்று விஷயம் சேர்ந்து நடக்கிறது. கால்சியம் குடலிலேயே தைராய்டு மருந்தைப் பிடித்துவைத்துவிடும், மருந்து உள்ளே சேராது. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரில் விழுங்குங்கள். டீயை குறைந்தது அரை மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். கால்சியத்துக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மதியச் சாப்பாட்டோடு போட்டால் நேரமும் சரியாக வரும். நம் கடைகளில் அதிகம் கிடைப்பது கால்சியம் கார்பனேட். அது கரைய வயிற்று அமிலம் தேவை என்பதால் உணவோடுதான் எடுக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் அதை இரவுக்குத் தள்ளுங்கள். இப்படி மாற்றிய ஆறு வாரம் கழித்து டி.எஸ்.எச். மறுபடி பாருங்கள், தைராய்டு டோஸைக் குறைக்க வேண்டி வரலாம்.

அடுத்தது அளவு. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 50 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 170, இரண்டு டம்ளர் பாலில் (மொத்தம் 300 மில்லி) 350, ஒரு கிண்ணம் தயிரில் 150, ஒரு பிடி முருங்கைக்கீரைப் பொரியலில் 150 என்று சாப்பாட்டிலேயே 800 தாண்டிவிடும். மீதிக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று போதும். ஒரே வேளையில் அதற்கு மேல் போட்டாலும் உடம்பு முழுவதையும் ஏற்காது. எள்ளில் கால்சியம் நிறைய உண்டு, ஆனால் அதிலிருக்கும் ஆக்ஸலேட் என்ற பொருள் ஒரு பகுதியை உடம்பில் சேரவிடாமல் தடுத்துவிடும். எள்ளை மட்டும் நம்ப வேண்டாம்.

மூன்றாவது, முட்டி வலி பெரும்பாலும் மூட்டுத் தேய்மானத்தால் வருவது. கால்சியம் எலும்பு முறிவைத் தடுக்க உதவலாம், முட்டி வலியைக் குறைக்காது. அதற்குத் தொடைத் தசை வலுப்பட வேண்டும். அதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

வைட்டமின் டி 60,000 யூனிட் கேப்ஸ்யூல் வாரத்துக்கு ஒன்றுதான். தினமும் போட்டு ரத்தத்தில் கால்சியம் ஏறி ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். டாக்டர் எழுதிய வாரங்கள் முடிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

கோவையிலிருந்து, 50 வயது: தினமும் ஒரு மணி நேரம் வாக்கிங் போறேன் அக்கா. எலும்புக்கு அது போதாதா?

இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மிக நல்லது, விடாதீர்கள். ஆனால் எலும்பு கெட்டிப்பட, தசை அதை இழுக்க வேண்டும், சுமை ஏற வேண்டும். மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஏழு ஆண்டுகளில்தான் எலும்பு வேகமாகக் கரைகிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் நடையை அரை மணியாகக் குறைத்து, மீதி நேரத்தில் இவற்றைச் செய்யுங்கள்:

கையில்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் குறுக்கே வைத்து எழுந்து, மூன்று எண்ணியபடி மெதுவாக உட்காருவது 10 முறை. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 10. சமையல் மேடையைப் பிடித்துக் குதிகால் உயர்த்துவது 15. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டைத் தூக்கித் தோளுக்கு மேல் நீட்டுவது 10. எல்லாவற்றையும் இரண்டு சுற்று. கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும், எளிதாக வந்தால் பாரத்தைக் கூட்டுங்கள். ‘தொப்’பென்று நாற்காலியில் விழுந்தால் பாதிப் பயன் போய்விடும், ஏனென்றால் மெதுவாக இறங்கும்போதுதான் தொடைத் தசை அதிகம் உழைக்கிறது. எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால், குனிந்து கால் விரலைத் தொடுவதும் முதுகைத் திருகுவதும் வேண்டாம்.

கேள்வி கேட்டவர்: வெயில்ல காலையில ஏழு மணிக்கே நடந்துடுறேன், வைட்டமின் டி கிடைக்கும்ல?

இளவெயிலில் மிகக் குறைவாகத்தான் கிடைக்கும். 11 மணிக்கும் 2 மணிக்கும் இடையே, கையும் முழங்காலுக்குக் கீழும் படும்படி 20 நிமிடம் நில்லுங்கள்.

சேலத்திலிருந்து, 49 வயது: காலையில நாலு இட்லிதான் சாப்பிடுறேன், ராத்திரி ரெண்டு சப்பாத்தி. தொப்பை மட்டும் ஏறிக்கிட்டே போகுது.

அளவு குறைவுதான், ஆனால் கிட்டத்தட்ட எல்லாமே மாவுச்சத்து. ஈஸ்ட்ரோஜன் குறைந்தபின் கொழுப்பு இடுப்பிலிருந்து வயிற்றுக்கு இடம் மாறுகிறது, தசையும் கரைகிறது. 60 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 60 கிராம் புரதம் இலக்கு. இரண்டு இட்லியைக் குறைத்து இரண்டு முட்டை (12 கிராம்) சேருங்கள். சைவம் என்றால் ஊறவைத்து வேகவைத்த கொண்டைக்கடலை, உலர்ந்த எடையில் 50 கிராம் (சுமார் 10 கிராம்). மதியம் சோற்றைவிடப் பருப்பும் கூட்டும் தட்டில் அதிகம் இருக்கட்டும். தராசை மட்டும் பார்க்காதீர்கள், தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து மாதம் ஒரு முறை அளந்து பாருங்கள். நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் புரதத்தைக் கூட்டுமுன் டாக்டரிடம் கேளுங்கள்.

பெயர், ஊர் வேண்டாம்: சொல்லவே கூச்சமா இருக்கு. கணவரோட சேரும்போது எரிச்சல், அடிக்கடி நீர்க்கடுப்பு, தும்மினா சிறுநீர் கசியுது.

கூச்சப்பட ஒன்றுமில்லை. குப்பென்று உடல் சூடாவது சில ஆண்டுகளில் ஓயலாம், இதற்கெல்லாம் காரணமான பிறப்புறுப்பு வறட்சி பொதுவாகத் தானாகச் சரியாகாது. அதனால்தான் கேட்டது நல்லது. சோப்பு, வாசனைத் திரவம் எதுவும் உள்ளே வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். உறவின்போது மெடிக்கலில் கிடைக்கும் தண்ணீர் வகை ஜெல் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் ஆணுறையை நைந்துபோகச் செய்யும். அடிக்கடி நீர்க்கடுப்பு வந்தால், பிறப்புறுப்பில் தடவும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் க்ரீம் பற்றி மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கும்.

கசிவுக்கு: வாயு வெளியேறாமல் அடக்குவதுபோல் உள்ளே மேல்நோக்கி இறுக்கி, 5 எண்ணி, முழுதாகத் தளர்த்துங்கள். வேளைக்கு 10, நாளைக்கு மூன்று வேளை, மூன்று மாதம். மூச்சை அடக்குவதும் வயிற்றை எக்குவதும்தான் பலர் செய்யும் தவறு. சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பயிற்சி செய்யாதீர்கள்.

ஈரோட்டிலிருந்து, 55 வயது: நின்னு மூணு வருஷம் ஆச்சு. போன வாரம் லேசா ரெண்டு சொட்டுப் பட்டுச்சு. வலி இல்ல. சூடுதானே?

சூடு இல்லை. 12 மாதத்துக்குப் பின் ஒரு சொட்டு வந்தாலும் இந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். பலருக்குக் காரணம் சாதாரண வறட்சியாகவே இருக்கும், ஆனால் கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் இதுவே. ஸ்கேனில் கருப்பை உள்சவ்வு 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் பயாப்ஸி (திசுப் பரிசோதனை) எடுப்பார்கள். இந்தக் கட்டத்திலேயே பிடித்தால் பெரும்பாலும் குணமாகும்.

மதுரையிலிருந்து, 41 வயது: 39லயே கர்ப்பப்பையோட ரெண்டு சினைப்பையும் எடுத்துட்டாங்க. ஹார்மோன் மாத்திரை போட்டா கேன்சர் வரும்னு சொல்றாங்களே?

2002இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வின் பயம் அது. அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. உங்கள் நிலை வேறு. சினைப்பை இரண்டும் போனதால் ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் நின்றுவிட்டது, எலும்புக்கும் இதயத்துக்கும் ஆபத்து அதிகம். மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, கல்லீரல் நோய் இல்லையென்றால், இயல்பாக நிற்கும் வயதான சுமார் 50 வரை ஹார்மோன் எடுப்பதே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. கருப்பை இல்லாததால் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். ஆபரேஷன் சம்மரியையும் பயாப்ஸி முடிவையும் கையோடு கொண்டுபோய்ப் பேசுங்கள்.

சென்னையிலிருந்து ஒரு மகன்: அம்மாவுக்கு 48. எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறாங்க, ராத்திரி மூணு மணிக்கு எழுந்து உக்காந்துடறாங்க.

தம்பி, கேட்டதற்கு மகிழ்ச்சி. முதலில் தூக்கம். மதியத்துக்கு மேல் காபி வேண்டாம். படுக்கை ஜன்னல் பக்கம், பருத்தி விரிப்பு, பருத்தி நைட்டி. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழும் நேரம் மாறக்கூடாது. விழித்து 20 நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்காரட்டும், போன் வேண்டாம். இரவுச் சமையலை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எரிச்சல் போய் அழுகை, எதிலும் பிடிப்பின்மை என்று இரண்டு வாரம் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம், மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம், எந்த நேரத்திலும் எடுப்பார்கள்.