ஹிஜாபோடு ஜெர்மனியில் வேலை தேடுகிறேன்: விண்ணப்பத்தில் போட்டோ வைக்கலாமா?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் மேலப்பாளையம். ஜெர்மனியில் மெக்கானிக்கல் முதுகலை படிக்கிறேன். ஊரில் இருந்தவரை ஹிஜாப் போட்டது பாதி நாள், போடாதது பாதி நாள். இங்கே வந்த பிறகு, போன ரமலானிலிருந்து விடாமல் போடுகிறேன். மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது. இப்போது பகுதிநேர வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஹிஜாபோடு போட்டோ வைத்தால் கூப்பிடுவார்களா? வைக்காவிட்டால் மார்க்கத்தை மறைத்ததாக ஆகுமா? போன வாரம் டிராமில் ஒருவர் "இது ஜெர்மனி, அதைக் கழற்று" என்று கத்தினார். உம்மாவிடம் சொன்னதிலிருந்து, "அங்கே எதுக்கும்மா, மனசுல ஈமான் இருந்தா போதாதா" என்று அழுகிறார்கள்.

பதில்: வ அலைக்குமுஸ்ஸலாம், சகோதரி. மார்க்கத் தீர்ப்பு சொல்ல நான் ஆலிமா இல்லை. ஆனால் பதினைந்து வருடமாக ஹிஜாபோடு இந்த நாட்டில் வேலை பார்க்கிறேன். மாணவிகளுக்கு வேலை தேடிக்கொள்ள வழிகாட்டுவதுதான் என் தொழில். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் போட்டோ. விண்ணப்பத்தில் போட்டோ ஒட்டுவது ஜெர்மானியர்களின் பழைய பழக்கம், சட்டம் அல்ல. 2006-இல் வந்த சம நடத்தைச் சட்டத்துக்குப் பிறகு (இங்கே சுருக்கமாக ஆ-கே-கே என்பார்கள்), போட்டோ இல்லாத விண்ணப்பம் சாதாரணமாகிவிட்டது. நான் வைக்க வேண்டாம் என்றே சொல்வேன். காரணம் இருக்கிறது. ஆஸ்திரியாவின் லின்ஸ் பல்கலைக்கழகப் பொருளாதார ஆய்வாளர் டோரிஸ் வைக்செல்பாவுமர் ஜெர்மன் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 1,500 விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்து, 2016-இல் முடிவை வெளியிட்டார். தகுதி ஒன்றுதான், போட்டோவில் இருந்த பெண்ணும் ஒருத்திதான். ஜெர்மன் பெயருக்கு நூற்றில் 18.8 பேர் கூப்பிட்டார்கள். துருக்கிப் பெயருக்கு 13.5. அதே துருக்கிப் பெயரோடு தலையில் துணியும் இருந்தபோது 4.2. இது கணக்கர், செயலாளர் போன்ற அலுவலக வேலைகளில் எடுத்த கணக்கு. இன்ஜினியரிங்குக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கதவு எந்த இடத்தில் அடைபடுகிறது என்று இது காட்டுகிறது. உங்கள் மதிப்பெண்ணையும் புராஜெக்ட்டையும் படிப்பதற்கு முன்பே அடைபடுகிறது.

அதனால் போட்டோவை விட்டுவிடுவது மறைப்பது ஆகாது. உங்கள் வேலையை முதலில் பார்க்கச் சொல்கிறீர்கள், அவ்வளவுதான். நேர்காணலுக்கு ஹிஜாபோடுதான் போகப் போகிறீர்கள். வீடியோ நேர்காணல் என்றாலும் அப்படித்தான். அங்கே அதைப் பற்றி நீங்களாகப் பேச்சை எடுக்க வேண்டாம், மன்னிப்புக் கேட்கும் தொனியும் வேண்டாம். கேட்டால், "ஆமாம், தினமும் போடுவேன், வேலைக்குத் தடையாக இருக்காது" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் வேலை விஷயத்துக்கு வந்துவிடுங்கள். இந்த ஒரு வாக்கியத்தை ஜெர்மன் மொழியில் கண்ணாடி முன்னால் நின்று பத்துத் தடவை சொல்லிப் பழகுங்கள். திடீரென்று கேட்கும்போது நாக்கு ஒட்டிக்கொள்ளும், எனக்கே ஒட்டியிருக்கிறது.

"கழற்றினால் வேலை" என்று சொன்னால்? தனியார் நிறுவனம் நினைத்தபடி தடை போட முடியாது. 2021 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் இரண்டு ஜெர்மன் வழக்குகளில் தீர்ப்புச் சொன்னது. ஒன்று குழந்தைகள் காப்பகம், இன்னொன்று கடைத்தொடர். நிறுவனத்துக்கு உண்மையான தேவை இருப்பதைக் காட்ட வேண்டும். தடை எல்லா மத அடையாளத்துக்கும் ஒன்றுபோல இருக்க வேண்டும். கழுத்தில் சின்னச் சிலுவை பரவாயில்லை, ஹிஜாப் மட்டும் கூடாது என்றால் அது நேரடிப் பாகுபாடு. நீதிபதி, ஆசிரியை போன்ற அரசுப் பணிகளுக்கு விதிகள் வேறு, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உங்களுக்கு இப்போது அது தேவைப்படாது.

தேதிதான் முக்கியம். ஹிஜாபால்தான் நிராகரித்தார்கள் என்று தெரிந்தால், இரண்டு மாதத்துக்குள் இழப்பீட்டுக் கோரிக்கையை நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகு வழக்குப் போட மூன்று மாதம். நம் பிள்ளைகள் மனசு உடைந்து சும்மா இருந்துவிட்டு, மூன்றாவது மாதம் என்னிடம் வருகிறார்கள். அப்போது என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. மெயிலை அழிக்காதீர்கள். போனில் சொன்னால், வைத்தவுடன் யார், எத்தனை மணிக்கு, என்ன வார்த்தை சொன்னார் என்று எழுதி வையுங்கள். மத்திய அரசின் பாகுபாடு எதிர்ப்பு அலுவலகம் இலவசமாக ஆலோசனை தருகிறது. பல பல்கலைக்கழகங்களில் மாணவர் மன்றத்திலும் சட்ட ஆலோசனை நேரம் உண்டு.

உங்கள் துறைக்கு இன்னொன்று. கடைசல் இயந்திரம் சுழலும் இடத்தில் தொங்கும் ஷால் நுனி ஆபத்து. அங்கே பாதுகாப்பு அதிகாரி ஆட்சேபித்தால் அது நியாயமான ஆட்சேபம். பின் குத்தாமல் தலைவழியாக மாட்டும், கழுத்தோடு ஒட்டிய பருத்தி ஹிஜாப் இரண்டு வாங்கி, ஓரத்தைக் கோட்டுக்குள் செருகிக்கொள்ளுங்கள். வெல்டிங் பக்கம் பாலியஸ்டர் வேண்டவே வேண்டாம், தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும்.

அப்புறம் டிராம். அந்த ஆளோடு வாதாடாதீர்கள். ஓட்டுநர் பக்கம் நகருங்கள். பொதுவாக "உதவி" என்று கத்துவதைவிட, ஒரே ஒருவரைப் பார்த்து, "நீல ஜாக்கெட் போட்டவரே, என் பக்கத்தில் நில்லுங்கள்" என்று கேளுங்கள். கூப்பிட்டவர் பெரும்பாலும் எழுந்து வருவார். ஆபத்து என்றால் போலீஸுக்கு 110. திட்டுவதே இங்கே குற்றம்தான். புகாருக்கு மூன்று மாத அவகாசம் உண்டு, பெரும்பாலான மாநிலங்களில் ஆன்லைனிலேயே கொடுக்கலாம். ஆனால் டிராம் கேமராப் பதிவு பல நகரங்களில் இரண்டு மூன்று நாளில் அழிந்துவிடும். அதனால் வண்டி எண், நிறுத்தம், நேரம் குறித்துக்கொண்டு அன்றைக்கே கொடுப்பது நல்லது.

உம்மாவின் பயத்தை வீண் பயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விளையாட்டுத் திடலில் தன்னைத் திட்டியவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லப் போன மர்வா அல்-ஷெர்பினி என்ற எகிப்தியப் பெண்ணை, 2009 ஜூலை 1 அன்று ட்ரெஸ்டன் நீதிமன்ற அறையிலேயே அவன் குத்திக் கொன்றான். அப்போது அவர் கர்ப்பிணி. இங்கே ஹிஜாப் போடும் நாங்கள் யாரும் அவரை மறக்கவில்லை. ஆனாலும் காலையில் வேலைக்குப் போகிறோம், சாயங்காலம் காய்கறிப் பையோடு வீடு திரும்புகிறோம். உம்மாவிடம் நீங்கள் சொன்னது டிராமில் கத்தியவரை மட்டும். லேபில் பக்கத்தில் உட்காரும் தோழியையும் சொல்லுங்கள், பள்ளிவாசலில் பழக்கமான அக்காவையும் சொல்லுங்கள். அவர்கள் இருவர் போன் நம்பரையும் உம்மாவுக்கு அனுப்பிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அவர்களையே பேச வையுங்கள்.