கார் ஆலையில் எந்தப் பிரிவு எங்கே என்பதைக் குழாயும் காற்றும் எப்படி முடிவு செய்கின்றன?

கட்டடச் சேவைகள் என்றால் கட்டடத்துக்குள் ஓடும் மின்சாரம், தண்ணீர், காற்றோட்டம், அழுத்தக் காற்று, தீயணைப்புக் குழாய், கழிவுநீர் எல்லாம் சேர்ந்ததுதான்.

எங்கள் மதுரைக் கல்யாண மண்டபங்களைப் பாருங்கள். சமையல்கட்டு ஏன் பின்பக்கம் இருக்கிறது? புகை மணமேடைக்கு வரக்கூடாது, போர் தண்ணீர் பக்கத்தில் வேண்டும், எச்சில் இலை பின்வாசல் வழியே போக வேண்டும். அதை ஒட்டியே பந்திக் கூடமும் அமைந்துவிடுகிறது.

கார் ஆலையின் சமையல்கட்டு பெயின்ட் பிரிவு. ஆலையின் எரிசக்தியில் பெரும்பங்கு அதற்கே போகும். ஈரப் பெயின்டில் ஒரு தூசி விழுந்தால் போதும், காய்ந்தபின் கதவில் பரு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். ஆகவே வடிகட்டிய காற்று கூரையிலிருந்து நேராகக் கீழே இறங்கி, காரில் ஒட்டாத பெயின்ட் துளிகளை வாரிக்கொண்டு தரைக் கம்பிவலை வழியே போகிறது. காற்று இயந்திரங்களுக்கு மேலே ஒரு தளம், துளிகளைப் பிடிக்கக் கீழே ஒரு தளம். அந்தக் கட்டடம் உயர்ந்து நிற்பது இதனால்தான். சித்திரை வெயிலில் வெளிக்காற்று 40 டிகிரி; உள்ளே இருபத்துச் சொச்சம்தான் இருக்க வேண்டும். அடுத்த அறையிலோ 100 டிகிரிக்கும் மேல் எரியும் உலர்த்தும் அடுப்பு! தீ பரவாமலிருக்க இந்தப் பிரிவைத் தனியே பிரித்து வைக்கிறார்கள்.

அழுத்தக் காற்றுக் குழாய் நீண்டால் அழுத்தம் குறையும். அதனால் அழுத்தக் காற்றை நிறையப் பயன்படுத்தும் வெல்டிங் பிரிவு, காற்றை அழுத்தித் தரும் கம்பிரசர் அறையை விட்டு வெகுதூரம் போவதில்லை.

இயந்திரங்களை வைத்த பிறகுதான் குழாய் இழுப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இரண்டும் ஒரே வரைபடத்தில், அடித்தளம் தோண்டும் முன்பே முடிவாகின்றன.