தேனும் மகரந்தமும் ரத்தத்தைக் கூட்டுமா?

கேள்வி: எனக்கு வயது 29. மார்த்தாண்டம் பக்கம் வீடு. இரண்டாவது குழந்தைக்கு இப்போது 7 மாதம். பிரசவத்துக்குப் பிறகு எப்போதும் அசதியாக இருக்கிறது. போன மாதம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9.4. இரும்புச்சத்து மாத்திரை மலச்சிக்கல் தந்ததால் நிறுத்திவிட்டேன். அதற்குப் பதிலாகத் தினமும் இரண்டு மேசைக்கரண்டி தேன், தேனில் ஊறிய அத்திப்பழம் இரண்டு, ஒரு தேக்கரண்டி தேனீ மகரந்தம் சாப்பிடுகிறேன். மகரந்தம் ரத்தம் ஊற வைக்கும், காலையில் வரும் தொடர் தும்மலும் போய்விடும் என்று விற்றவர் சொன்னார். சர்க்கரை நோயும் இதய வால்வு ஆபரேஷனும் உள்ள என் அம்மாவுக்கும் (62) கொடுக்கலாமா? கைக்குழந்தைக்கு நாக்கில் கொஞ்சம் தேன் தடவலாமா? மூத்தவனுக்கு 5 வயது, இரவில் இருமல். அப்புறம், வாங்கிய தேன் அடியில் உறைந்து கிடக்கிறது. அது கலப்படமா?

பதில்: கைக்குழந்தையிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் அவசரம். ஒரு வயது முடியும்வரை குழந்தைக்குத் தேன் வேண்டாம். நாக்கில் தடவுகிற அளவுகூட வேண்டாம். சேனை வைக்கும்போது தொட்டுவைப்பது, வசம்பை உரைத்துத் தேனில் குழைத்துக் கொடுப்பது எல்லாமே இதில் சேரும். தேனில் க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் விதைத்துகள்கள் இருக்கலாம். பெரியவர்கள் குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் நல்ல கிருமிகள் அவற்றை முளைக்க விடுவதில்லை. பச்சைக் குழந்தையின் குடலில் அந்தக் காவல் இன்னும் அமையவில்லை. அங்கே துகள்கள் முளைத்து நச்சை உண்டாக்கினால் நரம்புகள் செயலிழக்கும். முதலில் மலச்சிக்கல் வரும். பிறகு இமை தொங்கும், அழுகுரல் மெலியும், பால் குடிக்கும் இழுப்பு குறையும், கழுத்தும் கைகால்களும் துவண்டுபோகும். இப்படி எது தெரிந்தாலும் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தேனைக் காய்ச்சிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த விதைத்துகள் கொதிநீரில் சாகாது. சுத்தமான தேன், மலைத்தேன், வீட்டுப் பெட்டித் தேன் என்ற வித்தியாசமும் இதில் கிடையாது. ‘எங்களுக்கெல்லாம் கொடுத்துத்தானே வளர்த்தார்கள்’ என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். இந்த நோய் அபூர்வம்தான், உண்மை. ஆனால் வந்தால் வாரக்கணக்கில் செயற்கைச் சுவாசத்தில் வைக்க வேண்டி வரலாம். 7 மாதக் குழந்தைக்குத் தேனால் கிடைக்கும் நன்மை என்று ஒன்றுமே இல்லாதபோது அந்தச் சிறு ஆபத்தையும் ஏன் ஏற்க வேண்டும்? நீங்கள் தேன் சாப்பிட்டால் தாய்ப்பால் வழியாக அது குழந்தைக்குப் போகாது. அந்தப் பயம் வேண்டாம்.

இனி உங்கள் ரத்தசோகை. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது, மாத்திரையை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் தேனை வைத்ததுதான். பாலூட்டும் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 23 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். நீங்கள் சாப்பிடும் இரண்டு மேசைக்கரண்டித் தேனில் இருப்பது சுமார் 0.2 மில்லிகிராம். இரண்டு அத்திப்பழத்தில் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. ஒரு தேக்கரண்டி மகரந்தமும் அந்தக் கணக்குதான். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு 180 நாட்கள் அதைப் போட வேண்டும் என்று அரசு வைத்திருப்பது காரணத்தோடுதான். இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அந்தப் பெண்களிடம் போய் விலை உயர்ந்த மகரந்தத்தை ரத்தம் ஊறும் மருந்து என்று சொல்லி விற்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதற்கு வழிகள் உண்டு. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுப் பாருங்கள். தண்ணீர், கீரை, வாழைப்பழம் கூட்டுங்கள். மலம் கறுத்துப் போவது இயல்பு, பயப்பட வேண்டாம். கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள், இரும்பு உடம்பில் சேர்வதைக் கால்சியம் தடுக்கும். கட்டன் சாயாவும் அப்படித்தான். சாப்பாட்டுக்கும் சாயாவுக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். அப்படியும் வயிறு ஒத்துழைக்காவிட்டால் மருத்துவர் வேறு வகை மாத்திரைக்கு மாற்றலாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடச் சொல்லலாம், தேவைப்பட்டால் ரத்தநாளம் வழியாகவும் இரும்பை ஏற்றலாம். 9.4 என்பது மிதமான ரத்தசோகை. எத்தனை மாத்திரை என்பதை அவரே சொல்லட்டும். ஒரு மாதம் ஒழுங்காகப் போட்டால் ஹீமோகுளோபின் சுமார் ஒரு கிராம் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் காரணத்தைத் தேட வேண்டும்: அதிக உதிரப்போக்கு, பி12 குறைவு, பரம்பரையாக வரும் தலசீமியா. ரப்பர் தோட்டத்தில் செருப்பில்லாமல் நடக்கிறவர்களுக்குக் கொக்கிப்புழுவும் ஒரு காரணம். உணவைப் பொறுத்தவரை உங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. சாளை, நெத்திலி, ஆட்டு ஈரல், முருங்கைக்கீரை, சிறுபயறு, கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ. புளிப்பு சேரும்போது கீரையில் உள்ள இரும்பு நன்றாக உடம்பில் சேரும். தேனில் ஊறிய நெல்லிக்காயைவிடப் பச்சை நெல்லிக்காய் மேல், சர்க்கரை இல்லாமல் கிடைக்கிறதே.

மகரந்தம் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்காரத் தேனீ பின்னங்கால்களில் உருட்டிக் கொண்டுவரும் மகரந்தத்தைக் கூட்டின் வாசலில் ஒரு கண்ணித் தட்டு வைத்து உதிர வைத்துச் சேகரிக்கிறார்கள். தேனீயின் குஞ்சுகள் வளர்வதற்கான புரதம் அதிலிருந்துதான். சராசரியாக நூறு கிராமுக்கு 20 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு, பூவுக்குப் பூ மாறும். கேட்கப் பெரிதாக இருக்கும். நீங்கள் சாப்பிடுவது ஒரு தேக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 5 கிராம். அதில் புரதம் ஒரு கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். அதுவும், மகரந்தத் துகளின் வெளி ஓடு மிகக் கெட்டியானது. நம் வயிறு அதை முழுதாக உடைப்பதில்லை.

தும்மல் விஷயத்தில் விற்றவர் சொன்னதை நீங்கள் நம்பக் கூடாது. ஒவ்வாமை தருவது பெரும்பாலும் காற்றில் பறக்கும் புல், பார்த்தீனியம் போன்றவற்றின் மகரந்தம். தேனீ கொண்டுவருவதில் பெரும்பகுதி பூக்களின் ஒட்டும் மகரந்தம். படுக்கையிலிருந்து எழுந்ததும் வரும் தொடர் தும்மலுக்கு நம் ஈரக் காற்றில் முதல் சந்தேகம் மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப்பூச்சிதான். உறைகளை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்துப் பாருங்கள். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மகரந்தமே ஆபத்தாகலாம். சாப்பிட்ட சில நிமிடங்களில் உதடும் முகமும் வீங்கி, தடிப்பு எழும்பி, மூச்சுத் திணறியவர்கள் உண்டு. உங்களுக்குத் தும்மல் இருக்கிறது. அதனால் இதை நிறுத்திவிடுங்கள். அப்படி எப்போதாவது ஆனால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். கர்ப்பிணிகளும் வீசிங் உள்ளவர்களும் குழந்தைகளும் இதை எடுக்க வேண்டாம்.

உங்கள் அம்மாவுக்கு மகரந்தம் கொடுக்கவே கூடாது. செயற்கை வால்வு பொருத்தியவர்கள் பெரும்பாலும் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரை போடுவார்கள். வார்ஃபரின் எடுத்துவந்த ஒருவர் தேனீ மகரந்தம் சாப்பிட ஆரம்பித்த பிறகு அவருடைய ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் அளவு) ஆபத்தான அளவுக்கு ஏறியது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. ஐ.என்.ஆர். ஏறினால் உள்ளே ரத்தக்கசிவு ஏற்படலாம். இதற்குள் கொஞ்சம் கொடுத்திருந்தீர்கள் என்றால் நிறுத்திவிட்டு இந்த வாரமே ஐ.என்.ஆர். பாருங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். தேனைப் பொறுத்தவரை, சர்க்கரை நோய்க்கு அதுவும் சர்க்கரைதான். வெள்ளைச் சர்க்கரையைவிடச் சற்று மெதுவாக ரத்தத்தில் ஏறும், அவ்வளவே. காலில் புண் வந்தால் வீட்டுத் தேனைப் பூச வேண்டாம் என்றும் அவரிடம் சொல்லிவையுங்கள். ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு வைக்கும் தேன் கதிர்வீச்சால் கிருமி நீக்கியது.

உங்கள் அளவும் அதிகம். இரண்டு மேசைக்கரண்டியில் கிட்டத்தட்ட 35 கிராம் சர்க்கரை. ஒரு நாளில் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம், தேனையும் அந்தக் கணக்கில்தான் வைக்கிறது. ருசிக்காக ஒரு தேக்கரண்டி போதும்.

மூத்தவனுக்குத் தேன் தாராளமாகக் கொடுக்கலாம். அது உண்மையிலேயே வேலை செய்யும் இடம் சளி இருமல்தான். 2007-ல் அமெரிக்காவில் 105 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், தூங்கப் போகும் முன் கொடுத்த தேன் இரவு இருமலை நன்றாகக் குறைத்தது. 5 வயதுக்கு அரைத் தேக்கரண்டி, படுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு. பிறகு பல் துலக்கட்டும். கடையில் வாங்கும் இருமல் சிரப்பைவிட இந்த வயதுக்கு இது பாதுகாப்பு. ஆனால் மூச்சு வாங்கினாலோ, விலா உள்ளே இழுத்தாலோ, காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ, இருமல் இரண்டு வாரம் நீடித்தாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும்.

உறைந்த தேன் கலப்படம் என்று சொல்ல முடியாது. உங்கள் பக்கத்துத் தேன் பெரும்பாலும் ரப்பர் தேன். தை, மாசியில் ரப்பர் துளிர்க்கும்போது இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பைத் தேனீ எடுக்கிறது. அதில் குளுக்கோஸ் அதிகம், அதனால் சீக்கிரம் உறையும். 1990-களின் தொடக்கத்தில் வைரஸ் நோயில் பெட்டி பெட்டியாகத் தேனீக்களை இழந்து மீண்டு வந்தவர்கள் உங்கள் ஊர்த் தேன் விவசாயிகள். அவர்கள் தேனின் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தடவிப் பற்றவைப்பது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது எதுவும் கலப்படத்தைக் காட்டாது. 2020-ல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் சோதித்த 13 தேன்களில் 10, என்.எம்.ஆர். என்ற நுட்பமான சோதனையில் தேறவில்லை; வீட்டுச் சோதனை அதைக் கண்டுபிடிக்காது. தெரிந்த பெட்டிக்காரரிடம் வாங்குவதுதான் நல்லது. உறைந்த புட்டியை மூடியோடு வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் இளகிவிடும். ஈரக் கரண்டியை அதில் விடாதீர்கள், புளித்துப்போகும்.