லண்டனில் போடும் விவாகரத்து வழக்கு நம்ம ஊரில் செல்லுமா?

கேள்வி: கல்யாணம் திருச்சியில், 14 மாதம் குடித்தனம் லண்டனில். நடுவில் பிரசவத்துக்காக 4 மாதம் அம்மா வீட்டில் இருந்தேன். கணவர் பிரிந்து துபாய் போய்விட்டார். இருவரும் இந்தியப் பிரஜைகள். லண்டனில் மனு போடலாமா அக்கா?

போடலாம் அம்மா. 1973ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சட்டத்துக்குப் பாஸ்போர்ட்டோ தாலி கட்டிய ஊரோ தேவையில்லை. நீங்கள் இருவரும் கடைசியாக வழக்கமாக வசித்தது அங்கே, ஒருவர் இன்னும் அங்கேயே இருக்கிறீர்கள், அது போதும். 'ஒரு வருடம் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும்' என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அந்த விதி, மனுதாரரின் வசிப்பை மட்டும் வைத்துப் போடும் வழக்குக்கு. பிரசவத்துக்குத் தாய்வீடு போனதால் வசிப்பு அறுந்துவிடாது. திரும்பி வரும் எண்ணத்தோடுதானே போனீர்கள்? வாடகை ஒப்பந்தம், விமான டிக்கெட், குழந்தையின் டாக்டர் பதிவு எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். உங்கள் வாழ்க்கை எங்கே வேர் பிடித்திருந்தது என்பதை அவைதான் காட்டும்.

கேள்வி: வார நாட்களில் பாரிஸில் வேலை, குடும்பம் பிரஸ்ஸல்ஸில். இரண்டும் என் வசிப்பிடம்தானே?

வழக்குக்கு ஒன்றுதான். பாரிஸில் வேலை பார்த்த கணவர், அயர்லாந்தில் இருந்த மனைவி தொடர்பான வழக்கில், ஒருவருக்கு ஒரே ஒரு வழக்கமான வசிப்பிடம்தான் இருக்க முடியும் என்று 2021 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் முதலில் மனு வாங்கிய நீதிமன்றத்துக்கே முன்னுரிமை. அதனால் தாமதிக்காமல் அங்குள்ள வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி: நான் சேலத்தில் இருக்கிறேன். அமெரிக்கா போனதே இல்லை. கணவர் அங்கே விவாகரத்து வாங்கிவிட்டதாகத் தபால் வந்திருக்கிறது. எல்லாம் முடிந்துவிட்டதா?

முடியவில்லை, தைரியமாக இருங்கள். திருப்பதியில் 1975இல் கல்யாணமான ஒருவர், மிசௌரியில் 90 நாள் வசித்ததாகச் சொல்லி விவாகரத்து வாங்கினார். மனைவி அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்காமல், ஆட்சேபத்தோடுதான் பதில் அனுப்பியிருந்தார். அந்தத் தீர்ப்பு இங்கே செல்லாது என்று நம் உச்ச நீதிமன்றம் 1991இல் சொன்னது (நரசிம்ம ராவ் வழக்கு). இந்து திருமணச் சட்டத்தில் இல்லாத காரணத்துக்கு அங்கே விவாகரத்து கொடுத்திருந்தார்கள் என்பதும் முக்கியம்.

விதிவிலக்குகள் உண்டு. நீங்கள் அங்கே நிலையாக வசித்து, நம் சட்டத்திலும் உள்ள காரணத்துக்காக வழக்கு நடந்தால் அது செல்லும். நீங்களே மனமுவந்து ஆஜராகி, அப்படியொரு காரணத்தை எதிர்த்து வாதாடியிருந்தாலும் செல்லும். சம்மதம் கொடுத்திருந்தாலும் அப்படியே. அதனால் இனி எந்தத் தாளிலும் வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

முதலில் கேட்ட திருச்சித் தங்கைக்கும் இது பொருந்தும். 2022 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்தில் யார் மீதும் குற்றம் சொல்லாமலே விவாகரத்து வாங்கலாம். நம் சட்டத்தில் ஒருவர் மட்டும் கேட்டு அப்படி வாங்க முடியாது. அங்கே சுலபமாகக் கிடைக்கும் தீர்ப்பை நாளை இங்கே கணவர் செல்லாது என்று கிளப்பலாம். முடிந்தால் அவர் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள், அல்லது இருவரும் சேர்ந்து மனு போடுங்கள்.

கேள்வி: கணவர் ஜெர்மனியில், நான் கோவையில். கல்யாணம் நடந்தது நாகர்கோவிலில். அங்கேதான் போக வேண்டுமா?

வேண்டாம். இந்து திருமணச் சட்டத்தின் 2003 திருத்தத்துக்குப் பிறகு, மனைவி மனுதாரராக இருந்தால் தான் வசிக்கும் ஊரிலேயே போடலாம். கோவை குடும்ப நல நீதிமன்றத்திலேயே போடுங்கள்.