அமெரிக்காவில் ‘எம்’ குறியிட்ட வீடியோ கேமைச் சிறுவனுக்கு விற்பது சட்டப்படி குற்றமா?

குற்றமன்று. அட்டையின் மூலையில் கறுப்பு வெள்ளைக் கட்டத்துக்குள் இருக்கும் ‘எம்’, அந்த விளையாட்டு 17 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கே ஏற்றது என்று ஈ.எஸ்.ஆர்.பி. என்ற தரமதிப்பீட்டு அமைப்பு கருதுவதைத்தான் காட்டுகிறது. அது அரசு அமைப்பல்ல. 1993 டிசம்பரில் ‘மார்ட்டல் காம்பாட்’ போன்ற விளையாட்டுகளில் தெறித்த ரத்தத்தைப் பற்றி செனட் விசாரணை நடத்தியபோது, அரசே தலையிட்டுவிடுமோ என்ற அச்சத்தில் தொழில்துறை மறு ஆண்டே ஏற்படுத்திக்கொண்ட ஏற்பாடு அது.

கலிபோர்னியா 2005-இல், கொடூர வன்முறை கொண்ட விளையாட்டுகளை 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்றால் 1,000 டாலர் வரை அபராதம் என்று சட்டம் இயற்றிப் பார்த்தது. உச்ச நீதிமன்றம் 2011-இல் அதைப் பேச்சுரிமைக்கு எதிரானது என்று 7-க்கு 2 என்ற கணக்கில் ரத்து செய்தது; தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்காலியா, சிறுவர் கதைகளில் வன்முறை புதிதல்ல என்று காட்ட, தங்களைச் சிறையிட்டவளைப் பிள்ளைகளே அடுப்பில் தள்ளிக் கொல்லும் பழைய சிறுவர் கதையை அதில் எடுத்துக்காட்டியிருந்தார். வாதம் சாமர்த்தியமானதுதான், ஆனால் கதை கேட்பதும் துப்பாக்கி விசையைத் தானே அழுத்துவதும் ஒன்றா என்ற கேள்வி எனக்குத் தீரவில்லை.

ஆகவே அங்கே கடைக்காரர் அடையாள அட்டை கேட்பது கடையின் கொள்கையால்தான். பிரிட்டனில் நிலைமை வேறு: 2012 ஜூலை முதல் 12, 16, 18 என்ற பெகி (ஐரோப்பிய வயதுத் தர முறை) குறியீடுகளுக்குச் சட்ட வலு உண்டு.

பெற்றோர் முன்பக்க எழுத்தோடு நிறுத்திவிடாமல், அட்டையின் பின்புறம் ‘ரத்தம்’, ‘கடுமையான மொழி’ என்று சிறு எழுத்தில் உள்ள விவரங்களையும் படிக்க வேண்டும். இணையத்தில் உடன் விளையாடும் அந்நியர் பேசுவதற்கு எந்தத் தரக்குறியும் பொருந்தாது.