செயற்கை மழைக்கு மனுக் கொடுப்பது பற்றி

அண்ணாச்சி, நம்ம கன்னியாகுமரி மாவட்டத் தோவாளைச் சானல் கடைமடையில் குளம் வற்றிக் கிடக்கிறது, கர்நாடக அரசு செய்தது போல இங்கேயும் செயற்கை மழைக்கு கலெக்டரிடம் மனுக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொடுக்கலாம், ஆனால் அது மாவட்ட அளவில் நடக்கிற வேலை இல்லை. விமானம், ரேடார், வான்போக்குவரத்து இயக்குநரகத்தின் அனுமதி எல்லாம் வேண்டும். மாநில அரசு டெண்டர் விட்டால்தான் உண்டு.

அதைவிடப் பெரிய சிக்கல் மேகம். விமானத்திலிருந்து தூவுகிற உப்புப்பொடியும் சில்வர் அயோடைடும் மேகத்தை உண்டாக்காது, ஏற்கெனவே ஈரம் கோத்து வளர்கிற மேகத்தை மழையாகப் பெய்யக் கொஞ்சம் தூண்டிவிடும், அவ்வளவுதான். மகாராஷ்டிராவின் சோலாப்பூரில் புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் செய்த சோதனையிலேயே கூடுதலாகக் கிடைத்த மழை சராசரியாகச் சுமார் 18 சதவீதம்தான். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் வெளுத்த மேகம் ஓடுகிற நாளில் தூவினால் காசுதான் கரையும். பெய்தாலும் உங்கள் குளத்தில்தான் விழும் என்று யார் சொல்ல முடியும்?

என்னைக் கேட்டால், விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் வேறு மனு கொடுங்கள். பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் திறந்தும் கடைமடைக்கு வராத நாட்களைத் தேதியோடு எழுதுங்கள். சானலில் மண்மேடு, ஆகாயத்தாமரை அடைத்த இடங்களைப் போட்டோ எடுத்து இணையுங்கள். கும்பப்பூவுக்கு, அதாவது இரண்டாம் போக நெல்லுக்கு, நாற்று பாவுவதற்கு முன்னால் கொடுத்துவிடுங்கள், அப்புறம் கொடுத்துப் பயனில்லை.