மனித உடலை இன்னொரு மனிதர் தின்றுவிட்டால் உயிர்த்தெழுவது யார்?

மூழ்கியவரை மீன் தின்கிறது, மீனை மனிதர் தின்கிறார். உலகின் இறுதி நாளில் இறந்தோர் உடலோடு உயிர்த்தெழுவர் என்பது கிறிஸ்தவ நம்பிக்கை; அன்று அந்தச் சதை யாருக்குச் சேரும் என்று கேட்கிறீர்கள். ஆதித் திருச்சபையை உண்மையிலேயே திணறடித்த கேள்வி இது. 'கடவுளால் எல்லாம் முடியும்' என்ற பதிலை, பிளேட்டோவின் தத்துவ வழிவந்த, கிறிஸ்தவத்தை எதிர்த்த கெல்சுஸ் 2-ஆம் நூற்றாண்டிலேயே மறுத்துவிட்டார்: இயற்கைக்கு மாறானதைக் கடவுள் செய்யமாட்டாராம்.

கிறிஸ்தவ எழுத்தாளர் ஆதெனாகோரஸ் எழுதியதாகச் சொல்லப்படும் நூல் (அவர்தானா என்பதில் சர்ச்சை உண்டு) மருத்துவத்தைத் துணைக்கு அழைக்கிறது. இயல்பான உணவு மட்டுமே வயிறு, ஈரல் எனப் படிப்படியாகச் செரித்து உடம்பில் ஒட்டும். மனிதனுக்கு மனிதச் சதை இயல்பான உணவு அல்ல. எனவே அது வெளியேறிவிடும். சாமர்த்தியமான வாதம், ஆனால் நிற்காது. பஞ்சத்தில் மனிதரைத் தின்றவரின் மெலிந்த உடல் தேறுகிறதே என்று பின்னாளில் இறையியலாளர் அகுஸ்தீன் சுட்டினார். அவர் தீர்வு: அந்தச் சதை கடன் வாங்கியது, முதல் உடையவருக்கே திரும்பும், தின்றவர் பசியில் இழந்ததைக் கடவுள் வேறு வழியில் ஈடுசெய்வார்.

எனக்கு வலுவாகப் படுவது, 3-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் ஒரிஜனின் பதில். உடலின் பருப்பொருள் உயிரோடிருக்கும்போதே ஆறுபோல மாறிக்கொண்டிருக்கிறது, நிலைப்பது வடிவம்தான். அப்படியென்றால் யார் சதை என்ற கேள்வியே எழாது. ஆனால் சதை அழிந்தபின் வடிவம் எதில் தங்கும் என்று, பின்வந்த கிறிஸ்தவ எழுத்தாளர் மெத்தோடியுஸ் அவரை மடக்கினார்.